ஒக்டோபரில் வெறுங்காலோடு மலைக்குப் போகலாமா?

கேள்வி:

டொக்டர், நாங்கள் சூரிச்சுக்குப் பக்கத்தில் பதினெட்டு வருடமாக இருக்கிறோம். ஒக்டோபர் பள்ளி விடுமுறையில் அப்பென்செல் பக்கம் நாலு நாள் தங்கி, அங்குள்ள வெறுங்கால் பாதையில் நடக்க வேண்டும் என்று பிள்ளைகள் இருவரும் (வயது 9, 13) ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். அந்தக் குளிரில் சப்பாத்து இல்லாமல் நடந்தால் காய்ச்சல் வராதா? என் அம்மம்மா கதிர்காமத்துக்கு வெறுங்காலோடு பாதயாத்திரை போனவர். எனக்கோ இப்போது முற்றத்துச் சரளைக்கல்லில் கால் வைக்கவே கூசுகிறது. கணவருக்கு 51 வயது, ஏழு வருடமாகச் சீனி வருத்தம். தானும் நடக்கப் போகிறேன் என்கிறார். விடலாமா?

– ஒரு வாசகி, சூரிச் மாநிலம்

பதில்:

சகோதரி, முதலில் உங்கள் கணவரின் விஷயத்தைப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சீனி வருத்தம் பல வருடம் இருந்தால் பாத நரம்புகள் சத்தமில்லாமல் மரத்துப்போகலாம். நோவு தெரியாததால் கால் நன்றாக இருக்கிறது என்றே அவர் நினைத்துக்கொண்டிருப்பார். முள் ஏறியது தெரியாது. மாலையில் காலுறையில் இரத்தம் கண்டபிறகுதான் தெரியவரும். வீட்டிலேயே ஒரு சின்னப் பரிசோதனை செய்யலாம். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் சுட்டுவிரலால் ஓரிரு விநாடி மெதுவாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது எந்தக் கால் என்று அவர் சொல்லவேண்டும். ஆறு இடங்களில் இரண்டு தவறினால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் மலையில் மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும் அவர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. ஆறும் சரியாக வந்தாலும் அது அனுமதிச் சீட்டு ஆகிவிடாது. நைலோன் இழையால் உணர்ச்சியையும், கணுக்காலில் நாடித்துடிப்பையும் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே யோசியுங்கள். தயவுசெய்து இதில் அவருக்காக இரங்கிவிடாதீர்கள். நல்ல சப்பாத்தோடு அவர் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே நடக்கலாம்.

இனி குளிர். சளிக்காய்ச்சல் கிருமியால் வருவது. கால் நனைந்தால் மட்டும் வந்துவிடாது. குளிரில் எனக்கிருக்கும் பயம் வேறு. சீனி வருத்தம் வருடக்கணக்கில் செய்வதைக் குளிர் அரை மணி நேரத்தில் செய்துவிடும்: பாதத்தின் உணர்ச்சியைப் பறித்துவிடும். வெறுங்காலோடு நடப்பவருக்குச் சப்பாத்தாக இருப்பதே அந்த உணர்ச்சிதான். கூரான கல்லில் படும்போது கால் தானாக எடையை மாற்றிக்கொள்கிறதே, அது நின்றுபோனால் வெட்டும் சுளுக்கும் பின்னாலேயே வரும். போதாதற்கு, நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும். ஈரப்புல்லில் 8 பாகையும் உலர்ந்த மரப்பலகையில் 8 பாகையும் காலுக்கு ஒன்றல்ல.

பவேரியாவின் வோரிஸ்ஹோஃபென் ஊரில் பங்குத்தந்தையாக இருந்த செபஸ்டியன் க்னைப் (1821–1897) பனிப்புல்லில் வெறுங்காலோடு நடப்பதை ஒரு சிகிச்சையாகவே பரப்பியவர். நீங்கள் போகப்போகும் பாதைகளுக்கெல்லாம் மூத்தவர் அவர். அவர் வழிவந்த சிகிச்சையின் எல்லாப் பலன்களையும் நான் ஏற்கவில்லை. ஆனால் அதன் ஒரு விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாம்: கால் சூடாக இருக்கும்போது மட்டுமே குளிரில் வைக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் எடுத்துவிட வேண்டும், உடனே உலர்ந்த காலுறை போட்டு, சூடு திரும்பும்வரை நடக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் பாதை யாக்கோப்ஸ்பாத்திலிருந்து கொன்டன்பாத் வரை ஏறக்குறைய 5 கிலோமீற்றர். பெரும்பகுதி சமதரை, புல்வெளி, ஓடை, கரிய சதுப்புச் சேறு என்று மாறிமாறி வரும். இந்தச் சேறு வெறுங்காலுக்குக் கிடைத்த வரம். பல்லாயிரம் ஆண்டுகளாக மக்காத செடிகளும் பாசியும் படிந்து உண்டான மண் என்பதால் கல் மிகக் குறைவு. தயிர்போல விரலிடுக்கில் ஏறும். பிள்ளைகள் அதை விட்டு வரமாட்டார்கள். இடையில் கொன்டன் ஊரிலும் ரயில் நிற்கும். கால் குளிர்ந்துவிட்டால் பாதியில் முடித்துக்கொள்ளலாம் என்பதற்காகவே நான் இந்த இடத்தைப் பரிந்துரைப்பேன்.

நேரத்தைக் கவனியுங்கள். இரவில் கனத்த குளிர்காற்று பள்ளமான இடங்களில் தேங்கும். சதுப்பு நிலம் அதைக் காலையிலும் விடாது. ஒக்டோபரில் விடியலில் உறைபனிகூட இருக்கலாம். பதினொரு மணிக்குப் பிறகு, வெயில் விழுந்ததும் இறங்குங்கள். சூரிச் மூடுபனியில் மூழ்கிக் கிடக்கும் நாளில் மேலே வெயில் அடிப்பதும் உண்டு. வீட்டு யன்னலைப் பார்த்துப் பயணத்தைக் கைவிடாமல் மலையில் பொருத்தியுள்ள கமராப் படங்களைப் பாருங்கள். மாடுகள் செப்டெம்பரோடு மேய்ச்சல் மலைகளிலிருந்து இறங்கிவிடுவதால் அந்த நாட்களில் அங்கே ஓர் அமைதி இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த பருவம் அதுதான்.

கால் மணிக்கு ஒருமுறை பிள்ளைகளை நிறுத்தி, கணவருக்குச் செய்த அதே விரல் பரிசோதனையைச் செய்யுங்கள். விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். “கால் சிவந்தால் நல்லது, வெளுத்தால் நிறுத்து” என்று இங்கே சொல்லும் அடையாளம் நம் நிறத்துக்கு மேற்பாதத்தில் சரியாகத் தெரியாது. உள்ளங்காலையும் நகத்தையும் பாருங்கள். விரல் வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால், அல்லது தொட்டது தெரியாவிட்டால், சப்பாத்து. அதில் பேச்சுக்கு இடமில்லை. ஆளுக்கு இரண்டு சோடிக் கம்பளிக் காலுறை, ஒரு துவாய், சுடுதண்ணிப் போத்தல் பையில் இருக்கட்டும்.

சென்டிஸ் பக்கத்து உயர்ந்த பாதைகளில் வெறுங்கால் வேண்டாம். சுண்ணாம்புப் பாறை சில இடங்களில் கத்தி விளிம்பாக அரிபட்டிருக்கும், நனைந்தால் வழுக்கும். மஞ்சள் பலகைப் பாதைகளோடு நில்லுங்கள். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் குறி கண்டால் சப்பாத்தைப் போட்டுவிடுங்கள். உலர்ந்த மேய்ச்சல் நிலத்தில் தண்டில்லாமல் தரையோடு ஒட்டி வளரும் வெள்ளி நெருஞ்சிலைப் பிள்ளைகளுக்கு முன்பே காட்டிவையுங்கள். காட்டுக்குள் சருகுக்கடியில் பீச் மரக் காய்களின் முள்ளோடுகள் கிடக்கும்.

உங்கள் கூச்சம் இயல்பானது. அம்மம்மாவின் பாதம் தடித்திருந்தாலும் மரத்திருந்திருக்காது. சப்பாத்து அணியாமல் வளர்ந்த கென்யர்களின் பாதங்களை ஆராய்ந்து 2019இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை, காய்ப்புத் தோல் எவ்வளவு தடித்தாலும் தொடு உணர்ச்சி குறையவில்லை என்று காட்டியது. உங்கள் தோல் ஒரு மாதத்தில் அப்படி ஆகாது. ஆனால் கெண்டைக்காலையும் குதிநரம்பையும் பழக்கலாம். இப்போதிருந்தே பூங்காப் புல்லில் தினமும் பத்து நிமிடம் நடந்து மெல்லக் கூட்டுங்கள். குதிநரம்பு இழுத்தால் இரண்டு நாள் விடுங்கள்.

கடைசியாக உண்ணி. இலையுதிர் காலத்திலும் அது கடிக்கும். உயரமான புல்லையும் காட்டோரத்தையும் தவிருங்கள். மாலையில் முழங்காலின் பின்புறம், தொடையிடுக்கு, பிள்ளைகளின் முடியோரம் எல்லாம் பாருங்கள். இருந்தால் எண்ணெய் பூசாமல், மெல்லிய சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, தேதியைக் குறித்துவையுங்கள். பின்வரும் கிழமைகளில் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் விரிந்தால் மருத்துவரிடம் போங்கள். எல்லோருக்கும் ஏற்புவலி ஊசி முறையாகப் போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசியைக் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள். முதல் இரண்டு ஊசிகளுக்கிடையே சில கிழமை இடைவெளி வேண்டும் என்பதால், ஒக்டோபருக்குமுன் முடிக்க இந்தக் கிழமையே நேரம் எடுங்கள். கணவரின் பாதப் பரிசோதனையையும் அன்றே வைத்துக்கொள்ளலாம்.