ஹாம் ரேடியோ: எந்த வழியில் தொடங்குவது?

சென்னையை ஒட்டிய பட்டாபிராமில் எங்கள் தெருவிலிருந்து மட்டும் மூன்று பிள்ளைகள் ஹாம் ரேடியோ தேர்வு எழுதினார்கள். மூவரும் தேறினார்கள், அலைவரிசையில் தங்களை அடையாளம் காட்டும் கால் சைனும் வந்தது. இன்று மூவரில் ஒருவர்கூட அலைவரிசையில் இல்லை. ஒருவனை அவன் அப்பா வேலை விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும் என்று சேர்த்துவிட்டிருந்தார். இன்னொருவன் நண்பன் வாங்கினான் என்று ஹேண்டி எனப்படும் கையடக்கச் சீன ரேடியோ வாங்கினான். மூன்றாமவள் கைபேசியில் எக்கோலிங்க் என்ற செயலியை ஏற்றி, முதல் வாரத்திலேயே ஏழெட்டு நாடுகளோடு பேசி, இரண்டாம் மாதம் சலித்து விட்டுவிட்டாள். மூவரும் கெட்டிக்காரர்கள். தேர்ந்த வழிதான் அவர்களுக்குப் பொருந்தவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்துகிறது. 12 வயது நிரம்பினால் எழுதலாம். மோர்ஸ் குறியீடு இல்லாமல் ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிந்தால் ஜெனரல் கிரேடு. முடிந்தவர்கள் ஜெனரலே எழுதுங்கள். உரிமம் வருவதற்கு முன் ரேடியோவை வாங்கி வீட்டில் வைத்திருப்பதுகூடச் சட்டப்படி தவறு.

அடுத்து, எதில் பேசுவது? ஹேண்டி எல்லோருக்கும் தெரிந்த வழி. 144–146 மெகாஹெர்ட்ஸ், 5 வாட். மொட்டை மாடியிலிருந்து ஆவடிக்கோ திருநின்றவூருக்கோ நேராகப் போகும். சிக்னலை வாங்கி மீண்டும் அனுப்பும் ரிப்பீட்டர் கிடைத்தால் நகரம் முழுக்கக் கேட்கும். அக்கம்பக்கத்து நட்பு தேடுபவர்களுக்கு இது போதும். செயற்கைக்கோள்கள் இன்னொரு வழி. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் ஹாம்களுக்கென்றே ஹாம்சாட் பறந்தது. 2014 வரை உழைத்தது. இன்று சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது அதன் ரிப்பீட்டரைப் பிடிக்கலாம். பத்து நிமிடத்தில் அது அடிவானத்தில் இறங்கிவிடும் என்பதால் பதற்றப்படாத கை வேண்டும்.

எக்கோலிங்க்கைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இன்று பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான். "சார், ரேடியோவே வாங்காம போன்லயே அமெரிக்கா பேசலாமாமே?" பேசலாம். ஜானதன் டெய்லர் என்ற அமெரிக்க ஹாம் 2002-இல் வெளியிட்ட மென்பொருள் அது. உரிமத்தின் நகலை அனுப்பிச் சரிபார்த்த பிறகே உள்ளே விடுவார்கள், அந்த ஒழுங்கு நல்லது. உங்கள் குரல் இணையத்தில் தரவாகப் போய், தூர ஊரில் ரேடியோவோடு இணைத்திருக்கும் ஒரு கணினியில் இறங்கி, அங்கிருந்துதான் காற்றில் ஏறுகிறது. இரு முனையிலும் கைபேசியே இருந்தால் நடுவில் ரேடியோ என்று எதுவுமே இல்லை.

அதில் கற்கும் பிள்ளை எதையெல்லாம் இழக்கிறது என்று பாருங்கள். ஹாம்கள் சந்தித்தவுடன் ஒருவருக்கொருவர் சிக்னல் ரிப்போர்ட் தருவார்கள். 59 என்றால் தெளிவு, பலம் இரண்டும் முழுமை. 33 என்றால் தட்டுத் தடுமாறி வருகிறீர்கள். இணையத்தில் எல்லோரும் எப்போதும் 59, அந்த எண்ணுக்கே பொருள் போய்விடுகிறது. ஆன்டெனா வெட்டத் தெரியாது, ஆன்டெனா பொருந்தியிருக்கிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்ததே இருக்காது. பகலில் பெங்களூரு வரை போகும் அலை இரவில் ஏன் ஐரோப்பா வரை போகிறது என்ற கேள்வியே எழாது. நூறு நாடுகளை எட்டியவர்களுக்குத் தரும் டி.எக்ஸ்.சி.சி. விருதுக்கும் இந்தத் தொடர்புகள் செல்லாது.

இன்னொரு இழப்பு ஆபத்தில்தான் தெரியும். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்கள் பகுதியில் மின்சாரம் போனது, கைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. நான் ஒரு கார் பேட்டரியில் ரேடியோவை இணைத்து 7 மெகாஹெர்ட்ஸில் அழைத்தேன். மாடியில் வளைந்து தொங்கிய ஒயரே போதுமாயிருந்தது. பெங்களூரு நண்பர் கேட்டார். நாங்கள் நலம் என்று அவர் மூலம் என் தங்கைக்குச் சொல்லி அனுப்பினேன். இணையத்தை நம்பிய எந்த மென்பொருளும் அன்று எனக்கு உதவியிருக்காது. 2004 சுனாமியின்போது, தொடர்பு அற்றுப்போன அந்தமானிலிருந்து செய்திகளைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், ஹாம் பயணமாகப் போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத். அவர் கையில் இருந்தது நிஜமான குறுவலை (ஷார்ட்வேவ்) ரேடியோ.

எக்கோலிங்க் யாருக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆன்டெனா கட்ட அனுமதிக்காத அடுக்குமாடியில் இருப்பவர்கள், மாடி ஏற முடியாத முதியவர்கள், வெளிநாட்டில் படிக்கும்போது ஊர் ரிப்பீட்டரைக் கேட்க ஏங்குபவர்கள், இவர்களுக்கு அது வரம். தனிவீடும் மாடியும் இருக்கும் பதினாறு வயதுப் பிள்ளை அதிலேயே தொடங்கி அதிலேயே முடிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

என் சாய்வை மறைக்கவில்லை. நான் குறுவலைக்காரன். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் ஆன்டெனா ஏறக்குறைய 20 மீட்டர், அதாவது இரு பக்கமும் பத்துப் பத்து மீட்டர். என் மாடியில் அது அடங்காது. நடுவில் ஒரு மூங்கிலை நிறுத்தி, இரு முனைகளையும் சரித்து, ஒன்றைப் பக்கத்து வீட்டுத் தென்னையில் கட்டினேன். எல்.ஈ.டி. பல்பு, இன்வெர்ட்டர், மின்ரயில் என்று எல்லா இரைச்சலும் வரும். முதல் தொடர்புக்கு 23 மாலைகள் காத்திருந்தேன். எக்கோலிங்க்கில் இருபது நொடியில் கிடைப்பது அது. அந்த 23 மாலைகளில்தான் கேட்கக் கற்றேன்.

கையில் சால்டரிங் அயர்ன் பிடிக்கும் ஆசை இருந்தால் ஹைதராபாத்தின் அஷார் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் ரேடியோ கிட்டைக் கட்டுங்கள். பாகங்களைச் சென்னை ரிச்சி தெருவில் அலைந்து தேடுவதே ஒரு பாடம். கணினிதான் பிடிக்குமென்றால் எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறை இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017-இல் தந்தது. இரைச்சலில் புதைந்த சிக்னலையும் தோண்டி எடுக்கும், ஆனால் அது போவது உங்கள் ஆன்டெனாவிலிருந்து. பேச்சுப் பிடிக்காத பிள்ளையை மைக் முன் உட்கார வைக்காதீர்கள், மோர்ஸில் அவன் மணிக்கணக்கில் இருப்பான். பெற்றோரே, பக்கத்து வீட்டுப் பிள்ளை எதில் சேர்ந்தது என்பதை விட்டுவிட்டு, உங்கள் பிள்ளை எதில் நேரம் போவதை மறக்கிறது என்று பாருங்கள். பொறுமையும் வேண்டும். சூரியன் தன் பதினோரு வருடச் சுழற்சியில் அலைகளை ஏற்றி இறக்குகிறது. இந்தக் கலையில் அவசரப்படுபவர்களுக்கு எதுவும் கிடைப்பதில்லை.

பிள்ளைகளே, இணையத்தைக் கேட்பதற்குப் பயன்படுத்துங்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் ஒரு குறுவலை ரிசீவரை இலவசமாக இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. உரிமமோ செலவோ வேண்டாம். தினம் இரவு அரை மணி நேரம் 7 மெகாஹெர்ட்ஸைத் திருப்பிக் கேளுங்கள். கேட்ட கால் சைன், நேரம், அலைவரிசை மூன்றையும் ஒரு நோட்டில் குறியுங்கள். ஒரு மாதம் கழித்தும் நோட்டு நிரம்பிக்கொண்டே போனால், ரேடியோ வாங்குவது பற்றி அப்பாவிடம் பேசலாம்.