பிரேசில்: நாட்டுக்கு முன்பே பிறந்த பெயர்

நம்பிக்கை: பிரேசிலில் வளர்வதால்தான் அது பிரேசில் மரம்.

நேர்மாறு. மரத்தின் பெயர்தான் நாட்டுக்குப் போனது. அந்தப் பெயரும் முதலில் ஓர் ஆசிய மரத்துக்கு உரியது. கேரளத்து ஓட்டல்களில் இளஞ்சிவப்பாக வெந்நீர் தருவார்களே, அதில் போடும் பதிமுகம்தான் அந்த மரம். சப்பங்கம் என்றும் சொல்வார்கள். நம் பக்கத்திலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் வணிகர்கள் கைமாறி ஐரோப்பா சேர்ந்த இந்தக் கட்டையைப் பொடித்துத் துணிகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினார்கள். அங்கே அதற்குப் பெயர் 'பிரசில்'. தணலைக் குறிக்கும் 'பிராசா' என்ற சொல்லோடு அதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் கேன்டர்பரி கதைகளில் இந்தச் சாயத்தைக் குறிப்பிட்டுவிட்டார். தென் அமெரிக்கா என்று ஒரு நிலம் இருப்பதே அப்போது ஐரோப்பியருக்குத் தெரியாது.

நம்பிக்கை: பெயர் வைத்தவர் கப்ரால்.

கோழிக்கோட்டை நோக்கிப் புறப்பட்ட பெட்ரோ ஆல்வரெஸ் கப்ராலின் கப்பல்கள் 1500 ஏப்ரல் 22 அன்று அந்தக் கரையைக் கண்டன. அவர் வைத்த பெயர் 'மெய்ச் சிலுவைத் தீவு'. கண்டம் என்று தெரியாததால் தீவு. போர்த்துகீசிய மன்னர் மனுவேல் அதைப் 'புனிதச் சிலுவை நாடு' ஆக்கினார். 'கிளிகளின் நாடு' என்றும் சிலர் அழைத்தார்கள். எதுவும் நிலைக்கவில்லை. அங்கே பொன் கிடைக்கவில்லை. கிடைத்தது பழைய பிரசில் போலவே சிவப்புச் சாயம் தரும் ஒரு மரம். 1502இல் பெர்னாவ் டி லொரோன்யா தலைமையிலான வணிகர்களுக்கு மன்னர் அந்த வியாபாரத்தைக் குத்தகைக்கு விட்டார். அதன்பின் சந்தையில் புழங்கிய சொல்லே நாட்டின் பெயராயிற்று. சிலுவையின் பெயர் போய்த் துணிக்குச் சாயமேற்றும் கட்டையின் பெயர் வந்ததைச் சாத்தானின் வேலை என்றே வருந்தினார், வரலாற்றாசிரியர் ஜோவாவ் டி பாரோஸ்.

பாரோஸின் வருத்தம் சிலுவைக்காக. நமக்கு வருத்தம் தர வேண்டியது வேறு. முள் அடர்ந்த அந்த மரங்களை வெட்டி, பட்டை சீவி, கரைவரை தோளில் சுமந்தவர்கள் அங்கே வாழ்ந்த துப்பிப் பழங்குடி மக்கள். கிடைத்த கூலி இரும்புக் கோடரி, கத்தி, கண்ணாடி. அவர்கள் மொழியில் மரத்தின் பெயர் 'இபிராபிடாங்கா', சிவந்த மரம். அந்தப் பெயரைக் கப்பல்காரர்கள் நாட்டுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. இன்று பிரேசில் குடிமகனைக் குறிக்கும் 'பிரசிலெய்ரோ' என்பதும் தொடக்கத்தில் இந்த மரத் தொழிலில் இருந்தவரைக் குறித்த சொல். அதன் விகுதி போர்த்துகீசிய மொழியில் பெரும்பாலும் தொழிலைச் சுட்டுவது.

நம்பிக்கை: அயர்லாந்துப் பழங்கதையில் வரும் பிரசில் தீவுதான் மூலம்.

1325 வாக்கிலேயே ஐரோப்பிய வரைபடங்களில் அயர்லாந்துக்கு மேற்கே அப்படியொரு கற்பனைத் தீவு இருந்தது உண்மை. ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவே. தென் அமெரிக்க நிலத்துக்கு இந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லும் 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துகீசிய எழுத்தாளர்கள் காட்டும் காரணம் மரம்தான்.

நம்பிக்கை: ஐரோப்பியர் வருமுன் அந்நாட்டின் பெயர் பிண்டோரமா.

பனை இன மரங்களின் நாடு என்று பொருள்படும் துப்பிச் சொல் அது. துப்பி மொழிகள் பேசியவர்கள் பெரும்பாலும் கடற்கரையோரத்தில் வாழ்ந்தார்கள். உள்நாட்டில் வேறு மொழிகள், வேறு இனங்கள் ஏராளம். இன்றைய எல்லையே குடியேற்ற ஆட்சி வரைந்தது. அதற்குள் வாழ்ந்த எல்லா மக்களும் மொத்த நிலத்துக்கும் ஒரே பெயர் வைத்திருக்க வழியில்லை.

நம்பிக்கை: பிரேசில் மரம் அமேசான் காட்டு மரம்.

அதன் தாயகம் அட்லாண்டிக் கரையோரக் காடு. கப்பல் நிறுத்த வாகான கரை. அதனாலேயே வெட்டும் எளிதாயிற்று. பின்னால் கரும்புத் தோட்டங்களும் நகரங்களும் அந்தக் காட்டின் பெரும்பகுதியை விழுங்கின. 1978இல் சட்டம் இயற்றித் தேசிய மரமாக அறிவித்தபோது அது அரிதாகிவிட்டிருந்தது. செயற்கைச் சாயங்கள் வந்தபிறகும் வெட்டு நிற்கவில்லை. உயர்தர வயலின் வில் செய்ய இந்தக் கட்டையைத்தான் தேடுகிறார்கள். 2007 முதல் அதன் பன்னாட்டு வணிகம் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டின் கீழ் நடக்கிறது.