ஜாக்கியின் மேல் அம்பாசிடர்

லாரியின் அடியில் நீளவாட்டில் இரண்டு கனத்த இரும்புச் சட்டங்கள் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். மற்றவை எல்லாம் அதன்மீதே அமர்ந்துள்ளன. அம்பாசிடர் கார் அப்படிப்பட்டதன்று. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மூலமாகக் கொண்டு, மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014 வரை தயாரிக்கப்பட்ட இவ்வண்டிக்குத் தனிச் சட்டம் கிடையாது. தகடுகளை மடித்துப் பற்றவைத்த உடலே சட்டமாகவும் விளங்குகிறது. பார்வைக்கு யானை போலிருந்தாலும் அதன் தரை வெறும் தகடுதான்.

சிறு கணக்கொன்று போடுவோம். வண்டியின் எடை ஏறத்தாழ 1,100 கிலோ. ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கியின் மேல் 300 கிலோ விழுவதாகக் கொள்வோம். ஜாக்கியின் தலை 5 செ.மீ. சதுரமானால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 12 கிலோ தாங்க வேண்டும். தரைத்தகடு குழிந்துவிடும். பின்பக்கத்தில் அச்சின் உறை, அதிலும் பட்டைவில் பொருந்தும் இடத்தை ஒட்டிய பகுதி. முன்பக்கத்தில் சஸ்பென்ஷனின் கீழ்க்கைகள் வந்து இணையும் கனத்த பகுதி. இவையே தகுந்த இடங்கள். கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவ விளிம்பைப் பழைய வண்டியில் நம்பிவிடக் கூடாது. சேற்றுநீர் தேங்கி உள்ளிருந்தே துரு தின்றிருக்கும். பெயிண்ட் அதைக் காட்டாது. ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்ப்பதே நல்ல பரிசோதனை.

"கியரில் போட்டிருக்கிறேன், நகராது" என்பார்கள். பின்சக்கரம் ஒன்று தரையைவிட்டு எழுந்ததும் இது பொய்த்துப் போகும். பின்னச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல், ஒரு சக்கரம் முன்னோக்கிச் சுழல மற்றது பின்னோக்கிச் சுழல இடம் தருகிறது. எஞ்சின் அசையாதிருக்கும்போதே, அந்தரத்துச் சக்கரம் ஒருபுறம் சுற்ற, தரையிலுள்ளது மறுபுறம் உருண்டுவிடும். ஹேண்ட் பிரேக்கும் பின்சக்கரங்களுக்கே உரியது. எஞ்சிய ஒற்றைச் சக்கரமே வண்டி முழுவதையும் பிடித்தாக வேண்டும். ஆகவே சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைப்பது கட்டாயம். நட்டுகளையும் தூக்குமுன்பே சற்றுத் தளர்த்திவிட வேண்டும்.

ஹைட்ராலிக் ஜாக்கி, நாம் வகுப்பில் படிக்கும் பாஸ்கல் விதிக்கு நேர் உதாரணம். ஆனால் அந்த எண்ணெயை அடைத்து நிற்பது ஒரு சிறு வளையமே. அது தேய்ந்தால் பாரம் இறங்கத் தொடங்கும். தூக்குவதற்கு ஜாக்கி, தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்ட். செங்கல் அடுக்கும் வழக்கம் மிகத் தவறு. இரும்பு வளைந்து எச்சரிக்கும், செங்கல் சொல்லாமல் பிளக்கும். ஸ்டாண்டின்மேல் இறக்கிய பின், அடியில் புகுமுன், வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டும். விழுவதானால் நாம் வெளியே இருக்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தையும் விளிம்பின் கீழே படுக்க வைத்துவிட்டால், ஸ்டாண்ட் சரிந்தாலும் வண்டி அடியோடு தரையில் வந்து அமராது.