சிறிய அறையும் பெரிய தரையும்

மலேசியாவில் மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் கீழ்க் கட்டப்பட்ட பி.பி.ஆர். அடுக்குமாடி வீடுகளின் பரப்பளவு ஏறக்குறைய 700 சதுர அடியாகும். அதற்குள்தான் மூன்று படுக்கையறைகள், வரவேற்பறை, சமையலறை, குளியலறை எல்லாமே. தோட்டத்தை விட்டு நகருக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றிற்கு இதுவோ, இதைவிடச் சிறிய மலிவு விலை வீடோதான் வாய்த்தது. நான் வளர்ந்ததும் அத்தகைய வீட்டில்தான். சுவரை நகர்த்த முடியாது. ஆனால், அறையை விசாலமாகக் காட்டலாம்.

அதற்கு முதலில் கவனிக்க வேண்டியது தரை. தரையில் கோடுகள் கூடக் கூட அறை துண்டு துண்டாகத் தெரியும். பத்துக்குப் பத்தடி அறையில் ஓரடிச் சதுர ஓடுகளைப் பதித்தால் 100 ஓடுகள் தேவைப்படும். குறுக்கும் நெடுக்குமாக 18 இணைப்புக் கோடுகள் விழும். ஈரடி ஓடுகள் என்றால் 25 போதும், கோடுகளும் எட்டுதான். இடையில் பூசும் சாந்தும் ஓட்டின் நிறத்திலேயே அமைந்துவிட்டால் அந்த எட்டும் மங்கிவிடும்.

ஓடு பதிக்க வசதியில்லையா? தீபாவளிக்கு முன் நாம் வாங்கி விரிக்கும் ரப்பர் பாய் இருக்கவே இருக்கிறது. மலாயில் 'திக்கார் கெத்தா' என்பார்களே, அதுதான். கடையில் முதலில் கண்ணைப் பறிப்பவை பெரிய பூக்களும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களும். அம்மாக்களுக்கும் அவைதாம் பிடிக்கும்! சிறிய அறைக்கு அவை வேண்டாம். வெளிர் மர நிறப் பாயை எடுத்து, அதன் பலகைக் கோடுகள் வாசலிலிருந்து சன்னலை நோக்கி ஓடும்படி விரியுங்கள். இரு துண்டுகள் சேரும் இணைப்பும் அதே திசையில் இருந்தால், வெளிச்சம் குறுக்கே விழாமல் இணைப்பு அவ்வளவாகத் தெரியாது. வரவேற்பறையில் விரித்த பாயையே அறைக்குள்ளும் தொடர்ந்தால் இரண்டும் ஒன்றாகத் தோன்றும்.

மற்றவை சிறு வேலைகள். திரைச்சீலையைச் சன்னல் விளிம்பில் மாட்டாமல் கூரையை ஒட்டி மாட்டினால் சுவர் உயரமாகத் தெரியும். கண்ணாடியைச் சன்னலுக்கு எதிரே வைக்கலாம். அலமாரி, கட்டில் போன்றவை கால் வைத்தவையாக இருந்தால் அடியிலும் தரை தெரியும். (அந்த அடியில் பழைய பெட்டிகளைத் தள்ளாமல் இருக்க வேண்டும். அதுதான் கடினம்.)

வீட்டலங்கார இதழ்கள் இத்துடன் நின்றுவிடுகின்றன. அவை காட்டும் அறைகளில் தரையில் யாரும் உட்காருவதில்லை. நம் வீட்டில் தரைதான் கட்டில், தரைதான் சாப்பாட்டு மேசை. என் தங்கை எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிப்பதும் தரையில் மடக்கு மேசை போட்டுத்தான். ஆகவே, நடுத்தரையைக் காலியாக வைப்பது எங்களுக்கு அழகுக்காக மட்டுமன்று; இரவில் இருவர் படுக்க அந்த இடம் வேண்டும்.

இதழ்கள் சொல்லும் இரண்டு யோசனைகளை நான் ஏற்கவில்லை. பளபளக்கும் ஓடு வெளிச்சத்தைத் திருப்பி அறையைப் பெரிதாக்கிக் காட்டும் என்பது உண்மை. ஈரம் பட்டால் வழுக்கும் என்பதும் உண்மை. தரை, படி, சுவர் எல்லாம் ஒரே வெளிர் நிறத்தில் இருக்கட்டும் என்பது மற்றொன்று. பார்வை மங்கிய பாட்டிக்குப் படி எங்கே முடிகிறதென்று எப்படித் தெரியும்? எங்கள் குளியலறை வாசலில் மட்டும் கரும்பழுப்புப் பட்டை ஒட்டியிருக்கிறோம். தரை அந்த இடத்தில் வெட்டுப்பட்டுத் தெரிகிறது என்று தங்கைக்குக் குறைதான். தெரியட்டும், இரவில் எழுந்து நடக்கும் பாட்டிக்கு அந்தக் கோடு தேவை.