சுவர் மாறிய தெர்மாஸ்டாட்

“பெங்களூரில் குளிர்பதன யந்திரமா? அங்கே மின்விசிறியே மிகையல்லவா!” என்று சென்னை நண்பர் ஒருவர் என்னைக் கேலி செய்தார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் இது. ஆயினும், 2016 ஏப்ரல் 24-ஆம் நாள் இந்நகரில் 39.2 டிகிரி செல்சியஸ் பதிவாகியது. நான் குடியிருக்கும் ஹெப்பகோடியோ ஓசூர்ச் சாலையை ஒட்டிய தொழிற்சாலைப் பகுதி. எங்கள் வீட்டுக்காரர் கீழ்த்தளத்துக் கூடத்தில் குளிர்பதன யந்திரம் வைத்தது, எண்பது வயதைக் கடந்த தம் தாயாருக்காகவே.

அந்தப் பாட்டிதான் இக்கட்டுரைக்குக் காரணம். சித்திரை மாதத்து இரவொன்றில் வாடகை கொடுக்கச் சென்றேன். பாட்டி சால்வையின் மேல் கம்பளியும் போர்த்திக்கொண்டு கட்டிலில் நடுங்கிக்கொண்டிருந்தார். “தம்பி, நீ விஞ்ஞானம் படிக்கிற பிள்ளையாச்சே! இந்தப் பெட்டிக்குச் சித்திரையிலும் மார்கழி கேட்குது. எனக்கு வேண்டாம்னு நீயாவது அதுக்கு எடுத்துச் சொல்லக்கூடாதா?” என்றார். நிறுத்திவிட்டாலோ புழுக்கம் தாங்கவில்லையாம். சுவரில் இருந்த கட்டுப்பாட்டுப் பலகையைப் பார்த்தேன். அதில் 26 டிகிரி என்றே இருந்தது. 26 டிகிரியில் யாரும் நடுங்குவதில்லை. பின் தவறு எங்கே?

முதலில் தெர்மாஸ்டாட் என்பது யாது என்று காண்போம். ‘வெப்பம்’, ‘நிற்பது’ என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. ஆண்ட்ரூ யூர் என்னும் ஸ்காட்லாந்து இரசாயன அறிஞர் 1830-இல் இப்பெயரில் ஒரு கருவிக்கு உரிமை பெற்றார். இரு வேறு உலோகத் தகடுகளை ஒன்றாக இணைத்தது அது. ஒரு மீட்டர் நீளமுள்ள பித்தளை 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.19 மில்லிமீட்டர் நீளும், எஃகு 0.12 மில்லிமீட்டரே நீளும். இரண்டையும் பிணைத்துவிட்டால், அதிகம் நீளும் தகடு மற்றதை வளைக்கும். அந்த வளைவைக் கொண்டு மின்சாரத்தை இணைக்கலாம், துண்டிக்கலாம். இன்றைய கருவிகளில் தகட்டின் இடத்தை ‘தெர்மிஸ்டர்’ என்னும் சிறு துண்டு பிடித்துக்கொண்டது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். யந்திரம் அத்தடையை அளந்து வெப்ப நிலையை அறிகிறது.

இங்கே நாம் மறந்துவிடும் உண்மை ஒன்று உண்டு. தெர்மாஸ்டாட் அறையின் வெப்ப நிலையை அறிவதில்லை. தான் இருக்கும் இடத்தின் வெப்ப நிலையை மட்டுமே அறிகிறது. அவ்விடமும் அறையும் ஒன்றே என்று எண்ணிக்கொள்பவர்கள் நாம்தாம்.

இதை எழுதும் நானே முதலில் தவறு செய்தேன். “26 வைத்தால் குளிர்கிறது, 29 வையுங்கள்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிரவு பாட்டி நன்றாக உறங்கினார். மறுநாள் நண்பகலிலோ, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “மார்கழி போய் அக்கினி நட்சத்திரம் வந்துடுச்சு தம்பி” என்றார்! கூடம் 29 டிகிரி ஆகும்வரை யந்திரம் வேலை செய்யவில்லை.

அதன்பின்தான் முறையாக ஆராயத் தொடங்கினேன். சாதாரண வெப்பமானிகள் மூன்று வாங்கினேன். மூன்றையும் ஒரே பாத்திரத்து நீரில் வைத்து, ஒன்றுக்கொன்று உள்ள வேற்றுமையை முதலில் குறித்துக்கொண்டேன். இப்படிச் செய்யாமல் அளப்பது வீண் வேலை. பிறகு ஒன்றைக் கட்டுப்பாட்டுப் பலகையின் அருகிலும், ஒன்றைப் பாட்டியின் கட்டிலருகிலும், ஒன்றை எதிரே உள்ள உட்சுவரிலும் மாட்டினேன். மூன்று நாள், காலை 7, பகல் 1, மாலை 5, இரவு 8 மணிக்குக் குறிப்பெடுத்தேன். காலையிலும் பகலிலும் மூன்றும் அரை டிகிரிக்குள் ஒத்திருந்தன. இரவு 8 மணிக்கோ, பலகையின் அருகே 26 இருக்கும்போது கட்டிலருகே 23! உட்சுவர் மட்டும் எப்போதும் கட்டிலோடு ஒத்துப்போயிற்று.

காரணம் வெளிப்படை. பலகை இருந்தது மேற்குச் சுவர். பிற்பகல் வெயில் முழுவதும் அதன்மேல் விழுகிறது. ஆறு அங்குலக் கான்கிரீட் கல்லைக் கடந்து சூடு உள்ளே வர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். ஆகவே, வெளியே பொழுது சாய்ந்து குளிரத் தொடங்கும் வேளையில்தான் உட்புறம் மிகவும் சூடாகிறது. மேலும், மொட்டை மாடியிலிருந்து கம்பி இறங்கும் குழாயின் வாய் பலகைக்குப் பின்னே திறந்திருந்தது. அதன் வழியே வந்த சூடான காற்றும் தெர்மிஸ்டரைத் தொட்டது. யந்திரம் தன் கடமையை ஒழுங்காகவே செய்தது. அதற்குச் செய்தி சொன்ன கருவிதான் இடம் தவறி நின்றது.

எண்ணை மாற்றியது ஏன் பயன்படவில்லை என்பதும் இப்போது விளங்கும். எந்நேரமும் மூன்று டிகிரியே தவறு என்றால், மூன்றைக் கூட்டினால் போதும். காலையில் இல்லாமல் இரவில் மட்டும் தோன்றும் தவற்றை எந்த எண்ணாலும் திருத்த முடியாது. மாறாத பிழைக்குக் கணக்குத் திருத்தம் போதும். மாறும் பிழைக்கு இடமாற்றமே மருந்து.

வானிலை அறிஞர்கள் இதை எப்போதோ உணர்ந்தவர்கள். வெப்பமானியைக் கண்ட இடத்தில் மாட்டாமல், பலகணிச் சட்டங்கள் போல் அமைந்த வெள்ளைப் பெட்டிக்குள், தரைக்கு மேல் 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் வைக்கிறார்கள். வெயில் படக்கூடாது, காற்று மட்டும் உலாவ வேண்டும். அப்பெட்டியை வகுத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்னும் கலங்கரை விளக்கப் பொறியியலறிஞர். நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை.

இனி, மாற்றும் முறை. முதலில், யந்திரம் எந்தத் தெர்மிஸ்டரின் பேச்சைக் கேட்கிறது என்று பாருங்கள். சுவர்ப் பலகையில் ஒன்றும், காற்றை உள்ளிழுக்கும் வாயில் ஒன்றுமாக இரண்டு இருப்பதுண்டு. பின்னது அதிகாரம் செய்தால், பலகையை மாற்றிப் பயனில்லை. இரண்டாவது, வெயில் படாத உட்சுவரில், சுமார் ஐந்தடி உயரத்தில் இடம் தேடுங்கள். ஜன்னல், வாசல், சமையலறை, குளிர்ப்பெட்டி, தொலைக்காட்சி ஆகியவற்றின் அருகிலும், குளிர்காற்று நேரே வீசும் இடத்திலும் வேண்டாம். மூன்றாவது, அங்கே வெப்பமானியை மாட்டி இரண்டு நாள் பார்த்த பிறகே சுவரைத் துளையுங்கள். நான்காவது, வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். பலகையின் மெல்லிய கம்பியை 230 வோல்ட் கம்பியோடு ஒரே குழாயில் செலுத்தலாகாது. இறுதியாக, பலகைக்குப் பின்னுள்ள துளையை அடைத்துவிடுங்கள்.

வீடுகளில் பரவலாக உள்ள ஸ்பிலிட் யந்திரத்தில் இப்படிப்பட்ட சுவர்ப் பலகை இராது. அதன் தெர்மிஸ்டர் யந்திரத்துக்குள்ளேயே, சூடான காற்று சேரும் கூரையருகே இருக்கிறது. சில வகைகளில் ரிமோட்டினுள்ளும் ஒன்று உண்டு. அதை இயக்கிவிட்டு, ரிமோட்டைப் படுக்கையருகே வைத்தால், சுவரை உடைக்காமலே தெர்மாஸ்டாட் இடம் மாறிவிடும். இங்கே சிக்கனமும் அடங்கியிருக்கிறது. ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் மின்செலவில் சுமார் 6 சதவீதம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம். 2020 ஜனவரி முதல், நட்சத்திரத் தரக்குறியுள்ள அறைக் குளிர்பதன யந்திரங்கள் தொடக்க நிலையில் 24 டிகிரி காட்ட வேண்டும் என்பது விதி. ஆனால், இடம் தவறிய தெர்மாஸ்டாட் 26 என்று காட்டிக்கொண்டே 23-க்கு உரிய மின்சாரத்தை விழுங்கும்.

எங்கள் வீட்டில் எலக்ட்ரீஷியனுக்கு ஒரு முற்பகல் போதுமானதாயிற்று. அன்று இரவு 8 மணிக்குக் கட்டிலருகே வெப்பமானியைப் பார்த்தேன்: 26. கம்பளி பெட்டிக்குள் போயிருந்தது. “அதுக்கு எடுத்துச் சொல்லிட்டியா தம்பி?” என்றார் பாட்டி. “இல்லை பாட்டி, உங்கள் பக்கத்தில் வந்து கேட்கும்படி செய்தேன்” என்றேன்.

நண்பர்களே, இதைப் படித்ததோடு நின்றுவிட வேண்டாம். ஒத்துப் பார்த்த இரண்டு வெப்பமானிகளை உங்கள் விடுதி அறையில், மேற்குச் சுவரில் ஒன்றும் கட்டிலருகே ஒன்றுமாக மாட்டி, இரவு 8 மணிக்குப் பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் இன்குபேட்டரின் முகப்பில் தெரியும் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதும்போதும் ஒரு கணம் நில்லுங்கள். எண் என்ன என்பதோடு, அது எந்த இடத்து எண் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.