தாளிப்புப் புகையும் கழற்றிய அலாரமும்

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் கீழும் மேலுமாக உள்ள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். தாளிக்கும்போதெல்லாம் குசினி வாசல் புகை அலாரம் அலறுகிறது என்று வீட்டுக்காரரிடம் சொன்னோம். அவர் வந்து அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். மேல்மாடி அலாரம் புதுப் பற்றரி போட்டும் சத்தம் போடவில்லை. கேட்டால், "கவனமாகச் சமையுங்கள்" என்கிறார். அவருக்குப் பொறுப்பே இல்லையா?

பதில்: பொறுப்பு அவருடையதுதான், அம்மா. இங்கிலாந்தில் 2015 அக்டோபர் 1 முதல், வாடகை வீட்டில் ஆட்கள் குடியிருக்கும் ஒவ்வொரு மாடியிலும் புகை அலாரம் ஒன்றாவது இருக்க வேண்டும். 2022 அக்டோபர் 1 முதல் சட்டம் இன்னும் இறுகியது: பழுதென்று நீங்கள் தெரிவித்தால், அவர் கூடிய விரைவில் திருத்தவோ மாற்றவோ வேண்டும். பொய்லர் இருக்கும் அறையில் கார்பன் மொனொக்சைட் அலாரமும் வேண்டும். அது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"தெரிவித்தால்" என்ற சொல்லில்தான் உங்கள் பலம். வாய்ப்பேச்சை அவர் நாளை மறுக்கலாம். இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: கழற்றிய தேதி, பற்றரி மாற்றிப் பார்த்தது, சீலிங்கில் மிஞ்சிய வெறும் வளையத்தின் படம். அசையாவிட்டால் நியூஹாம் கவுன்சிலுக்கு எழுதுங்கள். கவுன்சில் நோட்டீஸ் கொடுத்தால் அவருக்கு 28 நாள் அவகாசம். அதற்குள் செய்யாவிட்டால், உங்கள் சம்மதத்தோடு கவுன்சிலே அலாரம் பொருத்தும். அவருக்கு 5,000 பவுண் வரை தண்டமும் விதிக்கலாம்.

தாளிப்புப் புகை உண்மையான தொல்லைதான். ஆனால் கழற்றுவது தீர்வல்ல. குசினிக்குள் வெப்ப அலாரம் வையுங்கள். கடுகு, மிளகாய்ப் புகைக்கு அது அலறாது, சூடு ஏறினால்தான் அலறும். புகை அலாரத்தைச் சற்றுத் தள்ளி ஹோலில் மாட்டச் சொல்லுங்கள். வெப்ப அலாரம் மட்டும் இருந்தால் சட்டத்துக்குப் போதாது.

என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் வீட்டில், அலாரத்துக்குப் பாண் பையை மாட்டி ரப்பர் பாண்ட் போட்டிருந்தார்கள். நேர் கீழே மூன்று பிள்ளைகளின் படுக்கை. தூங்குகிறவரைப் புகை நாற்றம் எழுப்பாது, சத்தம்தான் எழுப்பும். நானே கதிரையில் ஏறி அந்தப் பையை அவிழ்த்தேன்.

வீட்டுக்காரருக்காகக் காத்திராமல், 10 வருடப் பற்றரி உள்ள அலாரம் ஒவ்வொரு மாடிக்கும் ஒன்றாக இன்றே வாங்கி மாட்டுங்கள். ரசீதின் பிரதியை மின்னஞ்சலோடு அனுப்பி அந்தப் பணத்தைக் கேளுங்கள். அவர் சம்மதிக்காமல் வாடகையில் மட்டும் கழித்துவிடாதீர்கள்; அது வாடகைப் பாக்கியாகி உங்களுக்கு எதிராகவே திரும்பும்.