எங்கிருந்து வந்தது? – கடவுளின் சாயல்

கேள்வி: மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டான் என்கிறார்களே, இந்த எண்ணத்தின் தொடக்கம் எது? கடவுளுக்கும் நம்மைப் போலக் கை, கால், மூக்கு உண்டு என்று அர்த்தமா?

பதில்: எல்லா மனிதருக்கும் பொதுவான எண்ணமாக இதைப் பரவச் செய்தது எபிரேய வேதத்தின் முதல் நூல். புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் ஆதியாகமம் என்பார்கள், கத்தோலிக்கர்கள் தொடக்கநூல் என்பார்கள். ஆனால் அந்தப் பட்டம் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது, பெரும்பாலும் அரசர்களிடம். எகிப்தின் துட்டன்காமன் பெயருக்கே 'ஆமுன் தேவனின் உயிருள்ள உருவம்' என்றுதான் பொருள். அசீரிய அரசன் முதலாம் துகுல்தி நினுர்தாவை என்லில் கடவுளின் உருவம் என்று அவனைப் பற்றிய காவியம் புகழ்கிறது. செங்கல் சுமந்தவனை அப்படிப் புகழ்ந்தது அபூர்வம்.

அவன் எதற்குப் படைக்கப்பட்டானாம்? கால்வாய் தோண்ட. பாபிலோனியரின் அத்ராகசிஸ் காவியத்தில், மண் வெட்டி வெட்டிச் சலித்துப்போன கீழ்நிலைத் தேவர்கள் கருவிகளைத் தீயில் போட்டுவிட்டு வேலைநிறுத்தத்தில் இறங்குகிறார்கள். மேல்நிலைத் தேவர்கள் ஒரு தேவனைக் கொன்று, அவன் சதையையும் ரத்தத்தையும் களிமண்ணில் பிசைந்து மனிதனை உண்டாக்குகிறார்கள். வேலை அவன் தலையில் விழுகிறது. போராட்டத்தில் ஜெயித்தவர்கள் தேவர்கள், மண்வெட்டி நம் கையில்!

ஆதியாகமத்தை மோசே எழுதினார் என்பது மரபு. அதன் முதல் அதிகாரம் கி.மு. 6ஆம் நூற்றாண்டில், எருசலேம் இடிந்து யூதர்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட காலத்தையொட்டி எழுந்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அப்படியானால் எழுதியவர்களின் கண்ணெதிரே நின்றவை பாபிலோனின் சிலைகள். அங்கே புதுச் சிலைக்கு 'வாய் கழுவுதல்' என்றொரு சடங்கு உண்டு. சிலையை ஆற்றங்கரைத் தோட்டத்துக்கு எடுத்துப்போவார்கள். அதைச் செய்த தச்சர், பொற்கொல்லர்களின் கைகளைத் துணியால் கட்டி, மரக்கத்தியால் வெட்டுவதுபோலப் பாவனை செய்வார்கள். 'இதை நான் செய்யவில்லை' என்று அவர்கள் சத்தியம் செய்ய வேண்டும். கும்பாபிஷேகத்துக்கு முன் நம் ஸ்தபதி சிலைக்குக் கண் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் நோக்கம் எளிதில் பிடிபடும்: அதற்குப் பிறகு அது உளி பட்ட பொருளாக எண்ணப்படுவதில்லை.

யூதர்களுக்கோ கடவுளுக்குச் சிலை செய்யவே கூடாது என்பது கட்டளை. வேறு கோயில்களில் சிலை நிற்கும் இடத்தில் ஆதியாகமம் மனிதனைக் கொண்டுவந்து நிறுத்துகிறது, ஆண் பெண் இருவரையும் சேர்த்தே. என்னைக் கேட்டால் விஷயத்தின் உயிர்நாடி இதுதான்.

இதற்குக் கல்லிலேயே ஒரு சாட்சி கிடைத்தது. 1979-இல் சிரியாவில் தெல் ஃபெகெரியே என்ற மேட்டின் ஓரத்தில் ஒரு விவசாயி ஆளுயரக் கருங்கல் சிலை ஒன்றைக் கண்டெடுத்தார். கைகளைக் கோத்து நிற்பவர் கி.மு. 9ஆம் நூற்றாண்டு ஆட்சியாளர் ஹதத் யிஸி. அவருடைய அங்கியின் கீழ்ப்பகுதி முழுக்க இரு மொழியில் எழுத்து. அதன் அராமேயப் பகுதி இந்தச் சிலையைக் குறிக்க இரண்டு சொற்களை ஆள்கிறது. மனிதனைப் பற்றி ஆதியாகமம் சொல்லும் சாயல், ரூபம் என்ற எபிரேய ஜோடியின் அராமேய வடிவம்தான் அது. ஆட்சியாளர் ஊரில் இல்லாதபோதும் கோயிலில் அவருக்குப் பதிலாக நின்றது அந்தக் கல். ஆகவே மூக்கைப் பற்றிய கவலை வேண்டாம். ஒருவருக்குப் பதிலாக நிற்பதுதான் பேச்சு.

கேள்வி: அப்படியென்றால் சாயல் இருப்பது உடலிலா, அறிவிலா, ஆன்மாவிலா?

பதில்: இதற்குப் பதில் சொல்லாத இறையியலாளர் இல்லை. அகஸ்டின் நினைவு, அறிவு, விருப்பம் மூன்றிலும் கண்டார். அக்குவைனஸ் பகுத்தறிவில் கண்டார். பெரியவர்கள்தான், ஆனாலும் எனக்கு ஒரு நெருடல். அறிவுதான் அளவுகோல் என்றால் தொட்டில் குழந்தையையும் நினைவு தப்பிய முதியவரையும் எங்கே உட்கார வைப்பது? ஆதியாகமமோ சாயல் எந்த உறுப்பில் என்று சொல்வதே இல்லை. அதனால் என்ன ஆகிறது என்றுதான் சொல்கிறது: மீன், பறவை, விலங்குகளை ஆளும் பொறுப்பு; ஜலப்பிரளயத்துக்குப் பிறகு நோவாவுக்குச் சொல்லப்பட்ட தடை, மனிதனைக் கொல்லக் கூடாது, ஏனெனில் அவன் கடவுளின் சாயல்.

உடலிலேதான் சாயல் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். கடவுளுக்கு உடல் இல்லை என்று 399-இல் அலெக்சாந்திரியா ஆயர் தியோபிலஸ் சுற்றுமடல் அனுப்பியதும் எகிப்தியத் துறவிகள் கொதித்தெழுந்தார்கள். செராப்பியோன் என்ற முதிய துறவி விளக்கத்தைக் கேட்டு ஒப்புக்கொண்டார். பிறகு ஜெபிக்க நின்றவருக்கு மனத்தில் ஓர் உருவமும் வரவில்லை. என் கடவுளைப் பறித்துவிட்டார்களே என்று தரையில் விழுந்து அழுதாராம். இதைப் பதிவு செய்தவர் ஜான் கசியன். எனக்கு அந்தக் கிழவரின் பக்கம்தான் மனம் சாய்கிறது.

பழங்கால யூத ரபிகள் பலர் உடலை விட்டுக்கொடுக்கவில்லை. ஹில்லேல் என்ற யூத ஆசான் ஒருநாள் பாடம் முடிந்து கிளம்ப, எங்கே போகிறீர்கள் என்று சீடர்கள் கேட்டார்கள். புண்ணிய காரியம் செய்ய, குளிக்கப் போகிறேன் என்றார். குளிப்பதில் என்ன புண்ணியம்? நாடக அரங்கில் நிற்கும் அரசன் சிலையைத் துடைத்துக் கழுவ ஆள் வைத்துச் சம்பளமும் மரியாதையும் கொடுக்கிறார்கள், கடவுளின் சாயலான இந்த உடம்பை நான் கழுவ வேண்டாமா என்றாராம்.

கேள்வி: எல்லாரும் கடவுளின் சாயல் என்றால் கிறிஸ்தவ நாடுகளில் அடிமை வியாபாரம் எப்படி நடந்தது?

பதில்: வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டேதான் நடந்தது. பெண்கள் விஷயமும் அப்படியே: ஆணையும் பெண்ணையும் சேர்த்துச் சொன்ன வசனம் இருக்கும்போதே, பெண் கடவுளின் சாயலாகப் படைக்கப்படவில்லை என்ற கருத்து 12ஆம் நூற்றாண்டில் கிராசியன் தொகுத்த திருச்சபைச் சட்ட நூலில் இடம்பிடித்தது. வசனம் ஒன்று, வசதி வேறு.

வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் நிஸ்ஸாவின் ஆயர் கிரிகோரி, அடிமை வைத்திருப்பவர்களைப் பிரசங்கத்தில் நேராகவே பிடித்தார்: கடவுளின் சாயலுக்கு எத்தனை காசு கொடுத்தீர்கள், பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் அது உங்களுக்குச் சொந்தமா? பழங்காலத்தில் அடிமை முறையையே இவ்வளவு வெளிப்படையாகக் கண்டித்த பேச்சு அபூர்வம். அதற்காக அன்றைய சட்டம் மாறிவிடவில்லை. மாற்றம் ஏற்கெனவே நடந்திருந்தது அவர் குடும்பத்தில், அதுவும் அவர் அக்கா மக்ரினாவால். அக்காவின் வாழ்க்கை வரலாற்றில் கிரிகோரியே இதை எழுதியிருக்கிறார்: வசதியான நிலக்கிழார் வீட்டு எஜமானியான தாயைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து, அதுவரை பணிவிடை செய்த பெண்களோடு ஒரே பந்தியில் சாப்பிடவும், அவர்களுக்குப் போலவே தங்களுக்கும் படுக்கை போட்டுக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார் மக்ரினா.